பற்றரி ‘வெயார்’: தேய்வா, மூப்பா?

வெள்ளவத்தை, மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம்.

பழைய லப்டொப்புகளைத் திருத்திப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஒரு குழுவுக்காகக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ‘பற்றரி வெயார்’ (battery wear) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடி நிற்கிறேன்.

புதிதில் 50 வாற்று மணி கொண்ட பற்றரி, சில வருடங்களில் முழுதாகச் சார்ஜ் செய்தாலும் 36 தான் கொள்கிறது என்று வைப்போம். இழந்த 14, அதாவது 28 வீதம், அதன் வெயார். விண்டோஸ் தரும் பற்றரி அறிக்கையில் இரண்டு எண்களும் இருக்கும். ஒவ்வொரு லப்டொப்போடும் இந்த வீதத்தை எழுதிக் கொடுக்கப்போகிறார்கள். பற்றரியை மாற்றவேண்டுமா, இன்னும் கொஞ்சக் காலம் ஓட்டலாமா என்று பிள்ளையும் வீட்டாரும் அதை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். இப்போதைக்குப் ‘பற்றரித் தேய்மானம்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

கொட்டாஞ்சேனை, பௌதிகவியல் ஆசிரியர்:

தங்கச்சி, ‘தேய்மானம்’ தமிழ்நாட்டு வழக்கு. எங்கள் கணக்கீட்டுப் பாடத்தில், ஒரு பொருளின் மதிப்பு வருடாவருடம் குறைவதைப் ‘பெறுமானத் தேய்வு’ என்றுதான் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனால் எனக்குத் தேய்வு என்பதிலேயே உடன்பாடு இல்லை. டயர் தேய்வது உரசலால். பற்றரிக்குள் உரசல் எங்கே இருக்கிறது? எதிர் மின்வாயின்மேல் ஒரு மெல்லிய படலம் வளர்கிறது. அதற்குள் லிதியம் சிக்கி, திரும்ப வேலைக்கு வராமல் போகிறது. பாவிக்காமல் அலுமாரியில் வைத்தாலும் இது நடக்கும். முழுச் சார்ஜிலும் கொழும்புச் சூட்டிலும் கிடந்தால் இன்னும் வேகமாக நடக்கும். பாவனை பாதி, வயது பாதி. ஆகவே ‘மூப்பு’.

இன்னொன்று, சந்திரன் தேய்ந்தால் திரும்ப வளரும். தேய்வு என்று எழுதினால், சார்ஜ் இறங்குவதைச் சொல்கிறோம் என்று பிள்ளை நினைக்கும். இரவு செருகிவைத்தால் சரியாகிவிடும் என்றும் நினைக்கும். மூப்புக்கு அந்தக் குழப்பம் இல்லை.

தெஹிவளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ஆசிரியர் சொன்ன இரசாயனம் சரி, சொல்லாராய்ச்சி சரியில்லை. தேய்தல் உரசலுக்கு மட்டும் உரியது அன்று. ஆற்றாது அழுத கண்ணீரைச் ‘செல்வத்தைத் தேய்க்கும் படை’ என்கிறார் வள்ளுவர். அங்கே தேய்ந்த செல்வம் பிறைபோல வளர்ந்து திரும்புவதாக அவர் சொல்லவில்லை.

தேய் என்ற அடியை இன்னும் தோண்டினால் ஒரு புதையல் இருக்கிறது. கோலைக் கோலோடு தேய்த்துத்தான் நம் முன்னோர் தீக் கடைந்தார்கள். தேய், தீ, ஐம்பூதங்களில் நெருப்பான தேயு: மூன்றும் ஒரே குடும்பம் என்பது என் நெடுநாள் துணிபு. அப்பு, தேயு, வாயு என்கிறோமே, அந்தத் தேயுவை வடமொழிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு நாம் சும்மா இருக்கிறோம். லிதியம் பற்றரி பழுதானால் தீப்பற்றும் என்பதையும் நினைத்தால், தேய்வைவிடப் பொருத்தமான சொல் ஏது?

ஆனால் தேய்வுக்கு முன்னால் ‘பற்றரி’ என்று எழுதுவதை ஏற்கமாட்டேன். மின்கலம் இருக்கும்போது அது எதற்கு?

மட்டக்குளி, அரச அலுவலக மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, தேயு ‘தேஜஸ்’ என்பதிலிருந்து வந்தது என்றே படித்திருக்கிறேன். அந்த ஆராய்ச்சியை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

மூப்பைப் பற்றி ஒரு தடை. எங்கள் கந்தோர்க் கடிதங்களில் ‘சேவை மூப்பு’ தினமும் வருகிறது. மூப்பு கூடினால் பதவி உயர்வு. ‘மூப்பு 28 வீதம்’ என்று வாசிக்கும் தகப்பன் அதை நல்ல செய்தி என்று எடுத்துவிடக்கூடும். அத்துடன் பெறுமானத் தேய்வில் உரசல் எங்கே இருக்கிறது? மேசை ஒன்றை ஒருவரும் தொடாவிட்டாலும் வருடக் கணக்கில் தேய்வை எழுதத்தானே செய்கிறோம்? காலத்தால் வரும் இழப்பும் தேய்வுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது.

பம்பலப்பிட்டி, கணினி திருத்துபவர்:

ஐயா, மன்னிக்கவேண்டும். ‘மின்கலம்’ என்று போட்டால் கையேட்டின் அடுத்த பக்கம் குழம்பிவிடும். ஒரு லப்டொப் பற்றரிக்குள் மூன்று, நான்கு, ஆறு என்று செல்கள் இருக்கும். செல்தான் மின்கலம். முழுதுக்கும் பாடப்புத்தகச் சொல் மின்கலவடுக்கு. யுனிட்டி பிளாசாவில் எந்தக் கணினிக் கடையில் மின்கலவடுக்கு கேட்கலாம், சொல்லுங்கள்?

இது வெறும் பெயர்ப் பிரச்சினை இல்லை. முழுப் பற்றரியை மாற்றுவது ஒரு வழி. கூட்டை உடைத்து உள்ளே செல்களை மட்டும் மாற்றுவது இன்னொரு வழி. இரண்டாவது மலிவாகத் தெரியும். ஆனால் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகை சிலவேளை நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும், பிழையாக ஒட்டினால் நெருப்பு. இதைச் செய்யும்படி பிள்ளைகளுக்குச் சொல்லவே கூடாது என்பது என் கருத்து. இரண்டையும் மின்கலம் என்று எழுதினால், எதைச் செய், எதைச் செய்யாதே என்பது எப்படி விளங்கும்?

அப்புறம், பழைய மொடலுக்கு ‘புது ஒரிஜினல்’ என்று வாங்குவதும் வருடக்கணக்காக இறாக்கையில் கிடந்ததாக இருக்கலாம். ஒருதரமும் பாவிக்கவில்லை, ஆனாலும் கொள்ளளவு குறைந்திருக்கும். அங்கே பௌதிகவியல் சேர் சொன்ன மூப்புத்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. வேறு கம்பனிப் பற்றரி வாங்கினால், சில லப்டொப்புகள் அதைச் சார்ஜ் செய்யவே மறுக்கும். அதையும் எழுதுங்கள் அக்கா.

திங்க்பாட் ரி480 போன்ற லப்டொப்புகளில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு பற்றரி உண்டு. வீதமும் இரண்டு எழுதவேண்டும். வெளியே இருப்பதைத் திருப்புளி இல்லாமலே மாற்றலாம். முக்கியமாக, ‘வீக்கம்’ என்ற சொல்லைத் தனியாகப் பெரிய எழுத்தில் போடுங்கள். பற்றரி வீங்கி ரச்பாட் மேலே எழும்பினால் வீதத்தைப் பார்க்கத் தேவையில்லை. சார்ஜ் செய்வதை நிறுத்தி உடனே கொண்டுவர வேண்டும்.

வெள்ளவத்தை, மொழிபெயர்ப்பாளர்:

எல்லாருக்கும் நன்றி. எழுதியவர்களில் இருவர் தேய்வுப் பக்கம் நிற்கிறார்கள், என் மனமும் அங்கேதான். ‘பற்றரித் தேய்வு’ என்று போடுகிறேன். சேர் சொன்ன குழப்பம் உண்மையானது என்பதால், முதல் தடவை வரும் இடத்தில் ‘திரும்பச் சார்ஜ் செய்தாலும் மீளாத இழப்பு’ என்று ஒரு வரி சேர்க்கிறேன். பாவிக்காமல் வைத்த பற்றரி பற்றிய பந்தியில் மட்டும் ‘பற்றரிக்கு வயதாகும்’ என்று வசனமாகவே எழுதிவிட்டேன். மின்கலம் என்பது செல்லுக்கு மட்டும். கையேட்டில் இந்த லப்டொப்புகளைக் குறிக்கும் ‘ரீபேர்பிஷ்ட்’ என்ற சொல்லுக்கு இப்போதைக்குத் ‘திருத்திப் புதுப்பித்த’.

தெஹிவளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பிள்ளை, பற்றரி என்று அச்சில் ஏறுவது எனக்கு மனத்தாங்கல்தான். பாடப்புத்தகத்தில் ஒரு சொல், கையில் கொடுக்கும் தாளில் இன்னொரு சொல் என்றால், பிள்ளைகள் பாடப்புத்தகச் சொல்லைப் பரீட்சையோடு விட்டுவிடுவார்கள். அடைப்புக்குறிக்குள்ளாவது மின்கலவடுக்கு என்று ஒருமுறை போடுங்கள்.

கொட்டாஞ்சேனை, பௌதிகவியல் ஆசிரியர்:

ஐயாவின் அடைப்புக்குறியை நானும் கேட்கிறேன். ஆனால் என் வகுப்பில் மூப்பு என்றுதான் சொல்லிக்கொடுப்பேன்.