பன்னிரண்டு வயதுச் சவாரிக் குதிரையை விமானத்தில் கொண்டுசெல்வது செலவுக்குத் தகுமா?

கேள்வி: குளம்பொலி

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் அருகே வசிக்கிறேன். மூன்றாண்டு ஒப்பந்தப் பணிக்காகக் குடும்பத்துடன் அமெரிக்காவின் வட கரோலினாவுக்குச் செல்கிறோம். என்னிடம் பன்னிரண்டு வயதான பெட்டைக் குதிரை ஒன்று இருக்கிறது. பந்தயத்துக்கோ இனப்பெருக்கத்துக்கோ அல்ல, ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுப்பாதையில் சவாரி போவதற்காக மட்டுமே ஏழு ஆண்டுகளுக்கு முன் 6,000 யூரோவுக்கு வாங்கினேன். லாயக் கதவின் தாழ்ப்பாளை நான் நீக்கும் ஓசை கேட்டாலே முன்னங்காலால் தரையைத் தட்டத் தொடங்கிவிடும். அதை விமானத்தில் அனுப்ப ஒரு முகவர் தந்த மதிப்பீடு 14,000 யூரோவைத் தாண்டுகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று என் மாமனார் சிரிக்கிறார். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி: மேய்ச்சல்வெளி

உங்கள் மதிப்பீடு உயர்ந்திருப்பதற்கு முக்கியக் காரணம் அது பெட்டை என்பதுதான். நான் ஆம்ஸ்டர்டாமிலிருந்து சிகாகோவுக்குக் கொண்டுவந்தது காயடித்த குதிரை. மூன்று நாள் தனிமைப்படுத்தலில் ரத்தப் பரிசோதனை முடிந்ததும் வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டேன். இரண்டு வயதைக் கடந்த பெட்டைகளும் பொலிக்குதிரைகளும், இனச்சேர்க்கையால் பரவும் தொற்றுக் கருப்பை அழற்சி உள்ள நாடுகளிலிருந்து வந்தால், அதற்குப் பிறகு இன்னொரு தனிமைப்படுத்தலுக்கும் போயாக வேண்டும். ஜெர்மனியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பெட்டைக்கு அது சுமார் இரண்டு வாரம். உங்கள் குதிரை ஒருநாளும் குட்டி ஈனப் போவதில்லை என்று எவ்வளவு சொன்னாலும் விதி விதிதான்.

விமானத்தில் மூன்று குதிரைகள் நிற்கக்கூடிய பெட்டி ஒன்று உண்டு. மூன்றில் ஓர் இடத்தை எடுத்தால்தான் கட்டணம் கட்டுப்படியாகும். அகலமாக நிற்கட்டும் என்று பெட்டியில் பாதியைக் கேட்டால் தொகை சட்டென ஏறிவிடும். என் குதிரையைத் திரும்பப் பெற்றபோது முகக்கயிற்றின் கீழே வியர்வை உப்பாகப் படிந்திருந்தது, வயிறு சற்று ஒட்டியிருந்தது, வேறு குறையில்லை.

மறுமொழி: கால்நடை மருத்துவர்

முன்பணம் கட்டுவதற்கு முன்பே, உண்ணிகளால் பரவும் பைரோபிளாஸ்மோசிஸ் நோய்க்கான ரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். குதிரை நலமாகவே தோன்றினாலும் அமெரிக்கப் பரிசோதனையில் அந்த நோய்க்கான எதிர்ப்பொருள் தென்பட்டால் உள்ளே விடமாட்டார்கள். திருப்பி அனுப்பும் செலவும் உங்கள் தலையில்தான் விழும். தெற்கு ஐரோப்பாவில் வளர்ந்த குதிரையானால் இதை ஒருபோதும் தள்ளிப்போடாதீர்கள்.

பயணத்தில் நான் அஞ்சுவது நுரையீரல் தொற்றைத்தான். தலையை உயரக் கட்டி வைத்தால், குதிரை குனிந்து மூச்சுக்குழாயில் சேரும் சளியையும் தூசியையும் வெளியேற்ற முடியாது. ஆகவே தலையைத் தாழ்த்துமளவுக்குக் கயிற்றைத் தளர்த்திக் கட்டச் சொல்லுங்கள், உலர்புல்லை நனைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், இறங்கிய பின் சில நாட்களுக்குக் காலை மாலை உடல்வெப்பத்தைப் பாருங்கள்.

மறுமொழி: பழைய சேணம்

எல்லோரும் போகும் வழியையே பேசுகிறீர்கள். வரும் வழியை யார் பேசுவது? மூன்றாண்டு ஒப்பந்தம் என்கிறார். ஒப்பந்தம் முடியும்போது குதிரைக்குப் பதினைந்து வயதாகியிருக்கும்; சான்றிதழ், பரிசோதனை, விமானக் கட்டணம் எல்லாம் மறுபடியும் தொடங்கும். நிரந்தரமாகக் குடியேறுவதாக இருந்தால் நானே கூட்டிப்போகச் சொல்வேன், ஏனென்றால் அந்த 14,000 யூரோ பல ஆண்டுகளில் பங்காகிக் கரைந்துவிடும். வாங்கிய விலையோடு சுமைகூலியை ஒப்பிடும் மாமனாரின் கணக்கும் எனக்குச் சரியாகப் படவில்லை; லாயக் கட்டணமும் லாடக்காரர் கூலியும் சேர்ந்து ஏழு ஆண்டுகளில் குதிரை விலையை எப்போதோ விழுங்கியிருக்கும்.

ஜெர்மனியில் ‘ரைட்பெட்டைலிகுங்’ என்ற வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்; பிறர் குதிரைக்காரருக்கு மாதத் தொகை கொடுத்து, வாரத்தில் சில நாட்கள் சவாரி செய்து, பராமரிப்பிலும் பங்கேற்பார்கள். நம்பகமான ஒருவரிடம் எழுத்து ஒப்பந்தத்தோடு விட்டுச் செல்லுங்கள்.

குளம்பொலி

நன்றி. திரும்பும் பயணத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. சேர்த்துப் பார்த்தபோது தொகை 28,000 யூரோவை நெருங்குகிறது. ரத்தப் பரிசோதனையை வியாழக்கிழமை செய்கிறோம், ஒப்பந்தம் நீண்டால் உதவும். அதுவரை, ஏற்கெனவே புதன்கிழமைகளில் சவாரி செய்யும் பக்கத்து ஊர்ப் பெண்ணிடம் பேசப் போகிறேன். ஓர் ஐயம்: நான் இல்லாதபோது குதிரைக்கு வயிற்றுவலி வந்து அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், அதற்கு ஒப்புதல் தரும் உரிமையை அந்த ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொடுப்பீர்களா?

பழைய சேணம்

எழுதித்தான் ஆக வேண்டும், நண்பரே. எத்தனை யூரோ வரை என்பதையும் சேர்த்து. வயிற்றுவலி வந்த குதிரை, நீங்கள் அமெரிக்காவில் தூங்கி எழும்வரை காத்திருக்காது.