உலக ஹிந்தி நாளுக்குக் கொழும்பில் வில்லுப்பாட்டு: எப்படிச் செய்யலாம்?

கல்லிடை மகள்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. அப்பா நாற்பது வருடம் கோயில் கொடைகளில் வில்லடித்த அண்ணாவி, அதாவது குழுவின் தலைமைப் பாடகர். பாவாடை சட்டை போட்ட வயதிலேயே இடப்பக்கம் உட்கார்ந்து பின்பாட்டுப் பாட ஆரம்பித்தவள் நான். அப்புறம் ஹிந்தி பிரச்சார சபா பரீட்சைகள் ஒவ்வொன்றாக எழுதி, பிரவீண் முடித்து, இப்போது வீட்டுத் திண்ணையில் பிராத்மிக்கிலிருந்து விஷாரத் வரை சொல்லிக் கொடுக்கிறேன். சாயங்காலம் ஐந்தரைக்கு வந்தால் இருபத்திரண்டு பிள்ளைகள் இருக்கும்.

விஷயம் இதுதான். என் தம்பி குடும்பம் கொழும்பில், வெள்ளவத்தையில் இருக்கிறது. அவன் மகள் அங்குள்ள இந்தியக் கலாசார மையத்தில் பரதமும் ஹிந்தியும் படிக்கிறாள். ஜனவரி 10 உலக ஹிந்தி நாள் இல்லையா, அதற்கு அவள் வகுப்புப் பிள்ளைகள் பதினைந்து நிமிடம் ஏதாவது செய்ய வேண்டுமாம். இவள் சும்மா இராமல், "எங்க அத்தை வில்லுப்பாட்டு பாடுவாங்க, ஹிந்தியும் தெரியும்" என்று சொல்லிவிட்டாள். டிசம்பரில் நான் போகும்போது சொல்லித் தர முடியுமா என்று கேட்கிறார்கள். வகுப்பில் பதினெட்டுப் பேர். பெரும்பாலும் சிங்களப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள் ஐந்து.

கேட்டதும் நெஞ்சு நிறைந்தது. ஆனால் பயமும் இருக்கிறது. அதற்கு ஒரு காரணம் உண்டு. ஆறு வருடத்துக்கு முன்னால் இங்கே ஓர் அலுவலகத்தில் செப்டம்பர் 14 ஹிந்தி நாளுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். முழுக்க ஹிந்தியில் இருக்க வேண்டும் என்றார்கள். ஒரு மாதம் உட்கார்ந்து கட்டபொம்மன் கதையை வரிக்கு வரி மொழிபெயர்த்தேன். மேடையில் என்ன ஆயிற்று தெரியுமா? நம் பாட்டில் எதுகை இரண்டாம் எழுத்தில் விழும், வீசுகோல் அந்த இடத்தில்தான் நாணைத் தொடும். ஹிந்தியில் 'துக்' என்கிற இயைபு வரியின் கடைசியில் போய் நிற்கிறது. கோல் எங்கே விழுவது என்று தெரியாமல் அப்பா இரண்டு தடவை கையை நிறுத்திவிட்டார். 'ஆமா' போடும் இடங்களையும் நேரம் போதாது என்று நானே வெட்டியிருந்தேன். முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து, "அர்த்தமெல்லாம் நல்லாப் புரிஞ்சுதும்மா, வில்லுப்பாட்டு எங்கே?" என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்பா முத்துப்பட்டன் கதை பாடச் சொல்கிறார். பாபநாசம் மலையில் சொரிமுத்தையன் கோயிலில் நிற்கிற நம் ஊர்க் கதை. ஆனால் விடிய விடியப் பாட வேண்டியதைப் பதினைந்து நிமிடத்தில் அடைத்தால் பட்டனும் இருக்க மாட்டான், அவன் கட்டிய பொம்மக்காவும் திம்மக்காவும் இருக்க மாட்டார்கள்.

என்ன கதை எடுக்கலாம்? ஹிந்தியை எவ்வளவு கொண்டு வரலாம்? வில்லை விமானத்தில் ஏற்ற வழி உண்டா? அப்பாவின் வில் என்னைவிட நீளம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாளை பண்டிட்:

தங்கச்சி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நடந்தது உன் ஹிந்தியின் குறை இல்லை, அப்பா கையின் குறையும் இல்லை. பாட்டை மொழிபெயர்த்ததுதான் தப்பு. பாட்டைத் தொடாதே.

முப்பத்தொரு வருடம் பாளையங்கோட்டையில் ஹிந்தி வாத்தியாராக இருந்தவன் நான். சத்தீஸ்கர் பண்டவானி பார்த்திருக்கிறாயா? தீஜன் பாய் அம்மா கையில் ஒரு தம்புராவை வைத்துக்கொண்டு மகாபாரதம் சொல்வார். 2019-இல் பத்ம விபூஷண் வாங்கியவர். பீமன் வந்தால் அந்தத் தம்புராவே கதாயுதம் ஆகிவிடும். பக்கத்தில் 'ராகி' என்று ஒருவர் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல "ஹாம், ஹாம்" என்று ஏற்றுக்கொண்டே வருவார், இடையிடையே கேள்வியும் கேட்பார். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் 'ஆமா' அல்லவா அது! ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் யாரோ நம் வலப்பாட்டுக்காரர் போலவே உட்கார்ந்திருக்கிறார். இத்தனைக்கும் அவர் பாடுவது சத்தீஸ்கரியில். பள்ளிக்கூட ஹிந்தி தெரிந்தவனுக்குப் பாதிதான் புரியும். ஆனாலும் வடக்கே எல்லா ஊரிலும் கூட்டம் உட்கார்ந்து கேட்டது.

ஆகவே என் யோசனை. "தந்தனத்தோம்" என்று தொடங்குகிற பாட்டெல்லாம் தமிழிலேயே இருக்கட்டும். இரண்டு பாட்டுக்கு நடுவில் வருகிற பேச்சு மட்டும் ஹிந்தி. அந்தப் பதினெட்டுப் பிள்ளைகளும் பின்பாட்டு. 'ஆமா' வருகிற இடத்தில் 'ஹாம் ஜீ'. நீ சொன்ன வாக்கியத்தின் கடைசிச் சொல்லை அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். மேடையில் மனப்பாடமாக ஒப்பிப்பதைவிட அதுதான் மொழி கற்பது. ஒருவர் பேச, காது கொடுத்துக் கேட்டு, சரியான வினைச்சொல்லைப் பிடித்து எறிவது.

கதைக்கு எங்கேயும் போக வேண்டாம். எட்டயபுரத்துப் பையன் காசிக்குப் போன கதை இருக்கிறதே. 1898-இல் தகப்பனார் இறந்து, அத்தை குப்பம்மாள் வீட்டுக்குக் காசிக்குப் போய், நாலு வருடம் இருந்து, ஹிந்தியும் சமஸ்கிருதமும் படித்து, தலைப்பாகையும் மீசையுமாகத் திரும்பினாரே பாரதி. திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்த பையன். ஹிந்தி நாளுக்கு இதைவிடப் பொருத்தம் வேறு என்ன வேண்டும்? பதினைந்து நிமிடத்தில் அடங்கும்.

தாமிரபரணிக் கரை:

மன்னிக்கணும் அக்கா, மனதில் பட்டதைக் கேட்கிறேன். வில்லுப்பாட்டு நம் மண்ணின் கலை. சத்திரப் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் ஐயா அதைப் பட்டணத்துக்கு எடுத்துப் போனபோதும் தமிழில்தான் பாடினார். 2021-இல் பத்மஸ்ரீயும் கொடுத்தார்கள். ஹிந்தி விழாவுக்கு அதைக் கொண்டுபோய் வைத்தால் நாளைக்கு அது ஹிந்திக் கலை என்று ஆகிவிடாதா? வெளிநாட்டு மையங்களில் ஹிந்திக்கு நாள் இருக்கிறது, தமிழுக்கு என்ன இருக்கிறது?

பாளை பண்டிட்:

தம்பி, உன் கேள்வி நியாயமானது. அதனால்தான் பாட்டைத் தமிழிலேயே வை என்கிறேன். அந்த மேடையில் பத்து நிமிடம் தமிழ் கேட்கப் போகிறது, சிங்களப் பிள்ளைகள் வாயில் 'தந்தனத்தோம்' வரப் போகிறது. நம் ஆள் போகாமல் இருந்தால் அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஒரு சினிமா பாட்டுக்கு ஆடுவார்கள், அவ்வளவுதான். எனக்கு ஹிந்தியும் சோறு போட்டது, தமிழ் தாய்ப்பால். ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுக்கொடுத்ததாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

மேலப்பாளையம் டு கொழும்பு:

அக்கா, நான் மேலப்பாளையத்துக்காரன், பதினாறு வருடமாகக் கொழும்பில் ஜவுளி வியாபாரம். நீங்கள் சொல்லும் மையம் 1998-இல் தொடங்கியது. என் மகளும் அங்கே வயலின் படித்தாள்.

வில்லை விமானத்தில் ஏற்றும் கவலையை விடுங்கள். யாழ்ப்பாணத்தில் வில்லிசை பெரிய கலை. சின்னமணி ஐயா பெயரைச் சொன்னால் அங்கே தெரியாத வீடு கிடையாது. வில் செய்யப் பனைமரத்துக்கும் பஞ்சமில்லை. வெள்ளவத்தையில் கோயில் விழா நடத்துகிறவர்களைக் கேட்டால் வில் இரவல் வாங்கித் தருவார்கள். குடம் இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். உடுக்கும் உங்கள் கைக்குப் பழகிய வீசுகோலும் மட்டும் கொண்டு வாருங்கள்.

சிங்களப் பிள்ளைகளைப் பற்றி ஒன்று. அவர்களுக்கு ஹிந்தி நம்மைவிடச் சீக்கிரம் வரும் என்று நினைக்கிறேன். சிங்களம் அந்தக் குடும்பத்து மொழிதானே. அது போக, ரேடியோ சிலோன் ஹிந்திப் பாட்டு கேட்ட ஊர் இது. என் கடைக்கு வரும் சிங்களப் பெரியவர்கள் ரஃபி பாட்டை அர்த்தம் தெரியாமலே முழுசாகப் பாடுவார்கள். களனிப் பல்கலைக்கழகத்தில் ஹிந்தி தனித் துறையாகவே இருக்கிறது. சிங்களத்தில் 'கங்க' என்றாலே ஆறு. களனி கங்கை, மகாவலி கங்கை என்று சொல்லிப் பழகியவர்கள். காசியில் கங்கை வருகிற இடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பாடுங்கள், அரங்கம் கூட வரும். 'ஆமா'வுக்கு அவர்கள் 'ஓவ்' என்பார்கள். முடிந்தால் ஒரே ஒரு இடத்தில் அதையும் போடச் சொல்லுங்கள்.

தம்பி கேட்டதற்கும் ஒரு வார்த்தை: யாழ்ப்பாணத்தில் இந்தியா கட்டிக் கொடுத்த கலாசார மையத்துக்கு 2025-இல் திருவள்ளுவர் பெயர் வைத்தார்கள். அக்கா, கொழும்பு முடிந்ததும் முத்துப்பட்டனை அங்கே கொண்டு போக முடியுமா என்று பாருங்கள். அங்கே முழுக்கத் தமிழிலேயே, நேரம் எடுத்துப் பாடலாம்.

கல்லிடை மகள்:

பண்டிட் ஐயா, அண்ணாச்சி, தம்பி, மூன்று பேருக்கும் நன்றி. நேற்றே திண்ணைப் பிள்ளைகளை வைத்துப் பார்த்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் ஓடி வந்தேன்.

அப்பாவை வில்லுக்குப் பின்னால் உட்கார வைத்தேன். பாட்டு முடிந்து நாண் அடங்குகிற நேரத்தில் நான் ஆரம்பித்தேன்.

"எட்டயபுரம் கா ஏக் லட்கா..."
"ஹாம் ஜீ!"
"காஷீ கயா."
"கயா!"
"லட்கே நே கங்கா தேகீ."
"தேகீ!"
"ஹிந்தி சீகீ."
"சீகீ!"
"பகடீ பாந்தீ, மூஞ்ச் ரகீ."
"ரகீ!"

எழுதும்போது எனக்கே தெரியவில்லை, சொல்லும்போதுதான் கவனித்தேன். எல்லாம் 'ஈ'யில் முடிகிறது. கங்கா, ஹிந்தி, தலைப்பாகை, மீசை நாலுமே ஹிந்தியில் பெண்பால். 'நே' வந்தால் வினை செய்தவனை விட்டுவிட்டுச் செய்யப்பட்ட பொருளோடு போய்விடும். மத்யமா படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த 'நே'யைக் கரும்பலகையில் நான் எத்தனை மாதம் எழுதியிருப்பேன்! பையன் செய்தான், ஆனால் வினை ஏன் பெண்பால் என்று ஒவ்வொரு வருடமும் கேட்பார்கள். நேற்று ஒருவரும் கேட்கவில்லை. 'கயா' என்று ஒரு தடவை, அப்புறம் தேகீ, சீகீ, ரகீ என்று தாளத்தோடு வாயில் உட்கார்ந்துவிட்டது. முடிந்த பிறகு ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தானாகவே, "டீச்சர், 'கயா'வுக்கு 'நே' வராது, அதனால அது மட்டும் பையனோட போகுது, சரியா?" என்றாள். எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டேன்.

கோல் விழும் இடமும் சரியாக வந்தது. பேச்சில் துக் கடைசியில்தான் விழுகிறது, பிள்ளைகள் அந்தச் சொல்லைப் பிடித்து எறியும்போது அப்பா நாணில் ஓர் அடி கொடுக்கிறார். பாட்டில் எதுகைக்குப் பழைய அடி. ஒன்றோடொன்று மோதவில்லை.

கங்கை வரும் இடத்தை அண்ணாச்சி சொன்னபடி நிறுத்திப் பாடப் போகிறேன். அதற்கு மட்டும் தமிழ்ப் பாட்டு புதிதாக எழுத வேண்டும். காசியில் கங்கையைப் பார்த்த பையனுக்குத் தாமிரபரணி ஞாபகம் வருகிற மாதிரி நாலு வரி.

யாழ்ப்பாணத்து யோசனையை அப்பாவிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்ப் பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து முத்துப்பட்டன் ஏட்டை எடுத்து வெயிலில் வைத்திருக்கிறார். பாஸ்போர்ட் எடுக்க என்னென்ன வேண்டும் என்று ராத்திரி கேட்டார்.

ஒத்திகை பற்றி அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அந்த 'ஹாம் ஜீ'யை இன்னும் கொஞ்சம் இழுக்கச் சொல்லு. நாண் அதிர்ந்து முடியறதுக்குள்ள பிள்ளைகள் முடிச்சிருதுக."