மலையக றோட்டில் சாய்வு சைக்கிள்: இரட்டையா ஒற்றையா வேகம்?

ஹட்டனிலிருந்து:
மல்லாக்கச் சாய்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கும் சைக்கிளில் ஒருவர் ஓட்டுவது ஒற்றை, இருவர் முன்னும் பின்னுமாக இருந்து ஓட்டுவது இரட்டை. சமதரையில் வேகம் இரட்டைதான். மிதிப்பது இரண்டு பேர், ஆனால் காற்றுக்கு முகம் கொடுப்பது கிட்டத்தட்ட ஒருவர். ஆளுக்கு 150 வாட் என்று கணக்குப் போட்டால் ஒற்றை மணிக்கு 33 கிலோமீற்றரில் போகும்போது இரட்டை 38ஐத் தொடும். நம்ம பக்கம் அதற்குச் சமதரை எங்கே? நுவரெலியா கிரகரி வாவியைச் சுற்றி வந்தால்தான் உண்டு.

8 சதவீத ஏற்றத்தில் அந்த லாபம் கரைந்துவிடும். 65 கிலோ ஆள், 15 கிலோ ஒற்றை: மணிக்கு 8 கிலோமீற்றர். அதே எடையில் இரண்டு ஆள், 25 கிலோ இரட்டை: 8.2. அந்தக் கொசுறையும் நீளச் செயினும் அதைத் திருப்பிவிடும் உருளைகளும் தின்றுவிடும்.

தலவாக்கலையிலிருந்து:
அந்த 8 கிலோமீற்றரும் கியர் சரியாக இருந்தால்தான், அண்ணே. 26 அங்குலச் சக்கரத்துக்கு முன்னால் 24 பல், பின்னால் 34 பல் போட்டால், நிமிடத்துக்கு 70 சுற்றில் 6 கிலோமீற்றருக்கு இறங்கலாம். அதற்குக் கீழே போனால் ஹேண்டில் ஆடத் தொடங்கும். சாய்ந்திருப்பவர் எழுந்து நின்று மிதிக்கவும் முடியாது. ஏற்றத்தில் நிற்பதற்கு முன்பே சின்னக் கியருக்கு மாற்றிவிட வேண்டும். கிளம்பும்போது பின்னால் இருப்பவர் இரண்டு காலையும் பெடலில் வைத்துத் தயாராக இருக்கணும். முன்னால் இருப்பவர் குரல் கொடுத்ததும் ஒரே நேரத்தில் அழுத்தணும். ஒருவர் அரை நொடி பிந்தினால் சைக்கிள் சரிந்துவிடும்.

வெலிமடையிலிருந்து:
எல்லாரும் ஏற்றத்தையே பேசுகிறீர்கள். வித்தியாசம் தெரிவது இறக்கத்தில். 6 சதவீத இறக்கத்தில் மிதிக்காமல் விட்டால் ஒற்றை 65ஐ ஒட்டி நிற்கும், இரட்டை 80ஐத் தாண்டப் பார்க்கும்: எடை இரட்டிப்பு, காற்றுத் தடை கொஞ்சம்தான் கூட. நுவரெலியா உயரத்தில் காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு, அதுவும் வேகத்தைக் கூட்டும்.

அந்த வேகத்தை அடக்குவது பிரேக். 100 மீற்றர் உயரம் இறங்கினால் ஒற்றையில் சுமார் 78 கிலோஜூல் சக்தி, இரட்டையில் 150. பெரும்பகுதி பிரேக்கில் சூடாகத்தான் போகும். 20 அங்குல முன்சக்கரத்தில், சக்கர விளிம்பைப் பிடிக்கும் றிம் பிரேக் இருந்தால் இன்னும் மோசம். விளிம்பில் உலோகம் குறைவு என்பதால் சீக்கிரம் சூடேறி டியூப் வெடிக்கும். மழையில் றிம் காயும்வரை பிடிக்கவும் செய்யாது. இரட்டைக்கு இரு சக்கரத்திலும் 203 மில்லிமீற்றர் டிஸ்க் பிரேக் வேண்டும், அத்தோடு பின்னால் இருப்பவர் கையில் மூன்றாவது பிரேக் ஒன்று. லீவரை அழுத்தியே வைத்திருக்காதீர்கள்: வளைவுக்கு முன் பலமாகப் பிடித்து, விட்டுவிட்டு ஆறவிடுங்கள். றம்பொடைக் கொண்டையூசி வளைவுகளில் நீளம் வேறு இடைஞ்சல், ஒற்றை எடுக்கிற கோட்டை இரட்டை எடுக்காது.

கண்டியிலிருந்து:
காற்றைக் கிழிக்க ஆளையும் சேர்த்து ஓடு போல மூடிய சாய்வு வண்டிக் கணக்கு வேறு. 1980இல் வெக்டர் என்ற வண்டியின் இரட்டை மணிக்கு 101 கிலோமீற்றர், வெக்டர் ஒற்றை 95. 2016இல் ஈட்டா என்ற ஒற்றை 144!

ஹட்டனிலிருந்து:
ஈட்டா ஓடியது பாலைவன நேர்றோடு, தம்பி. இங்கே முதலில் செயினைப் பாருங்கள். 24 இணைப்பு 304.8 மில்லிமீற்றர் இருக்கணும், தேய்ந்து 306.3 ஆகிவிட்டால் மாற்றுங்கள். இரட்டையில் மூன்று நான்கு செயின் சேர்த்துத்தான் போட்டிருக்கும், ஒரு துண்டு மட்டும் புதிதாக மாட்டினால் பல்லில் தாவும்.