அவிஞோன் பக்கம் பழைய யூத ஜெபக்கூடம்: உள்ளே விடுவார்களா?

முத்தியால்பேட்டை வாசி:
அக்டோபர்ல அக்கா வீட்டுக்கு, தெற்கு பிரான்ஸ்ல இருக்கிற அவிஞோன் ஊருக்குப் போறோம். பக்கத்துல ரொம்பப் பழைய யூத ஜெபக்கூடம் இருக்காமே? சனிக்கிழமைதான் தோதுப்படுது.

மஞ்சக்குப்பத்தார்:
சனியை விட்டுருங்க. வெள்ளி பொழுது சாய்ந்ததிலிருந்து சனி இருட்டும்வரை ஓய்வுநாள், சுற்றிப்பார்க்க முடியாது. நீங்க சொல்றது கார்பாந்த்ராஸ் ஊர் ஜெபக்கூடம். 1367இல் தொடங்கியது, இன்னும் வழிபாடு நடக்குது. வெளியே சாதாரண வீடு மாதிரி இருக்கும், தாண்டிப் போயிடுவீங்க. இப்போ பார்க்கிற கூடம் 18ஆம் நூற்றாண்டு வேலை. அதை மட்டும் பார்த்துட்டுத் திரும்பிடாதீங்க; சடங்குக் குளியல் தொட்டி, புளிக்காத ரொட்டி சுட்ட அடுப்பு எல்லாம் கீழேதான். அவிஞோனிலிருந்து லோக்கல் ரயிலில் சுமார் அரை மணி.

லாஸ்பேட்டை:
இன்னொரு சிக்கல், அக்டோபர். யூதப் பண்டிகைகள் நம்ம திதி மாதிரி ஆண்டுக்காண்டு நகரும். செப்டம்பர், அக்டோபரில் வரிசையா வரும். தேதி பார்த்துட்டு டிக்கெட் போடுங்க. ஆண்கள் தலையை மூடணும், தொப்பி எடுத்துக்குங்க.

முடிஞ்சா அந்த வட்டாரத்து இன்னொரு ஊரான கவயோனும் போங்க. அங்கத்திய ஜெபக்கூடம் இப்போ அருங்காட்சியகம். சுவரில் உயரத்தில் எலியா தீர்க்கதரிசிக்குன்னு ஒரு குட்டி நாற்காலி இருக்கும், யாரும் உட்கார முடியாத அளவுக்குச் சின்னது. அந்த வட்டாரம் 1791 வரை போப்பாண்டவர் ஆட்சியில் இருந்தது. பிரெஞ்சு அரசர் 1394இல் யூதர்களை விரட்டியபோதும் இங்கே அவர்கள் தங்க முடிந்தது அதனால்தான். ஆனா தனித் தெருவில் அடைச்சுத்தான் வைச்சாங்க.

மஞ்சக்குப்பத்தார்:
பாரிஸ் மாதிரிப் பெரிய ஊர் ஜெபக்கூடங்களில் பையைச் சோதிப்பாங்க. பெட்டியோட போகாதீங்க, பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.