மார்ஃபினா, மடியா?

மல்லிகா (நர்ஸ், ஒஹாயோ):
கர்ப்பத்தில் ஓபியாய்டு (ஹெராயின், மார்ஃபின் போன்ற வகை) எடுத்த அம்மாக்களின் குழந்தைகளுக்குப் பிறந்த சில நாளில் வித்ட்ராயல், அதாவது பழகிய மருந்து நின்றதும் உடல் படும் அவஸ்தை, வரும்: நடுக்கம், ஓயாத அழுகை, பேதி. முன்பெல்லாம் அறிகுறிகளுக்கு மதிப்பெண் போடும் ஃபின்னகன் அட்டவணைதான். கொட்டாவி, தும்மலுக்குக்கூட மதிப்பெண் உண்டு. தொடர்ந்து மூன்று முறை 8ஐத் தொட்டால் மார்ஃபின். இப்போது எங்கள் வார்டில் பார்ப்பது மூன்றே விஷயம். பால் குடிக்கிறதா, ஒரு மணி நேரம் தூங்குகிறதா, பத்து நிமிடத்துக்குள் சமாதானமாகிறதா? இல்லையென்றால் முதலில் விளக்கைக் குறைத்து, துணியில் சுற்றி, அம்மா மடியில் போடுகிறோம். மருந்து அப்புறம்தான்.

செந்தில் (டல்லாஸ்):
அக்கா, வித்ட்ராயலைப் பெரியவர்களாலேயே தாங்க முடிவதில்லை. பச்சைக் குழந்தைக்குத் தாலாட்டு போதுமா? சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பினால் ஆஸ்பத்திரிக்குச் செலவு மிச்சம், அவ்வளவுதான்.

மல்லிகா:
மருந்தை யாரும் பூட்டி வைக்கவில்லை தம்பி. 2023இல் வெளியான ஆய்வில் 26 அமெரிக்க ஆஸ்பத்திரிகள், 1,305 குழந்தைகள். பழைய முறையில் 52 சதவீதத்துக்கு மருந்து தேவைப்பட்டது. புது முறையில் 19.5. வீட்டுக்குப் போகத் தயாராக 14.9 நாள் ஆனது 8.2 ஆகக் குறைந்தது. மார்ஃபின் ஆரம்பித்தால் சட்டென்று நிறுத்தவும் முடியாது, மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும்.

செந்தில்:
சரி, அதே ஆய்வில் பாதுகாப்பைப் பார்த்தது முதல் மூன்று மாதம்தானே? இரண்டு வயதில் எப்படி இருக்கும்? இன்னொன்று, போதைக்கு அடிமையான அம்மாவிடமே குழந்தையைக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கவிதா:
செந்தில், இவர்களில் பலர் போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சையாக டாக்டர் எழுதிக்கொடுத்த மெத்தடோனோ ப்யூப்ரெனார்ஃபினோ (இவையும் ஓபியாய்டுதான்) எடுப்பவர்கள். கர்ப்பத்தில் திடீரென நிறுத்தினால் மறுபடி போதைக்கே போய்விடும் அபாயம் அதிகம், அதனால்தான் அந்தச் சிகிச்சை. அதில் நிலையாக இருந்தால் தாய்ப்பாலும் கொடுக்கச் சொல்கிறார்கள், பாலில் போகும் அளவு மிகக் குறைவு. டென்னசி மாநிலம் 2014இல், கர்ப்பத்தில் சட்டவிரோதமாகப் போதைப்பொருள் எடுத்த அம்மாக்கள்மேல் வழக்குப் போடச் சட்டம் கொண்டுவந்தது. பயந்துபோய் செக்கப்புக்கே வராதவர்கள் உண்டு. 2016இல் அந்தச் சட்டம் காலாவதியானது.

செந்தில்:
சட்டம் வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அம்மாவே வராத குழந்தைக்கு யார் மடி? ராத்திரி ஷிஃப்டில் ஒரு நர்ஸ் எத்தனை குழந்தையைத் தூக்குவார்?

மல்லிகா:
அது நியாயமான கேள்வி. பல ஊர்களில் தூக்கி வைத்துக்கொள்ளத் தன்னார்வலர்கள் வருகிறார்கள்.

செந்தில்:
விடியற்காலை மூன்று மணிக்குமா? ஆளைப் போடுங்கள் அக்கா, அதுவரை நான் ஃபின்னகன் கட்சிதான்.