மறு: மறு: சமதள ஆடியில் மாறுவது இடவலமா?

மடல் 1

அன்புடையீர், வணக்கம். சமதள ஆடி (தட்டையான முகம் பார்க்கும் கண்ணாடி) பற்றிய செய்முறைத் தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பிம்பத்தில் இடமும் வலமும் மாறித் தெரிவதாகச் சொல்லும் ‘இடவல மாற்றம்’ என்ற சொல் உறுத்துகிறது. வடக்குச் சுவரில் ஆடியை மாட்டி எதிரே நின்றால், கிழக்குப் பக்கத்துக் கையைத் தூக்க, பிம்பத்திலும் கிழக்குக் கைதான் எழுகிறது. மேலும் கீழும் அப்படியே. வடக்குதான் தெற்காகிறது, அதாவது ஆடிக்குச் செங்குத்தான திசை ஒன்றே மாறுகிறது.

ஓஎச்பி தாளில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) ‘ட’ எழுதி, நமக்கு நேராகத் தெரியும்படி பிடித்துக்கொண்டு ஆடியைப் பாருங்கள். ஆடியிலும் ‘ட’ நேராகவே இருக்கும். வெள்ளைத்தாளை ஆடிக்குக் காட்டத் திருப்புகிறோமே, இடவலத்தை மாற்றுவது அந்தத் திருப்பல்தான். (‘ப’ எழுதாதீர்கள், அதைத் திருப்பினாலும் ‘ப’தான்.) ‘முன்பின் புரட்டு’ எனலாமா?

மடல் 2

புரட்டு என்றால் பித்தலாட்டம். ‘ஆடியின் புரட்டு யாது?’ என்று வினாத்தாளில் கேட்பீர்களா? இலங்கைப் பாடநூல்களில் ‘பக்க நேர்மாறல்’ உண்டு. அங்கே எதிரொளிப்பு ‘தெறிப்பு’, சமதள ஆடி ‘தளவாடி’. எவ்வளவு கச்சிதம்!

மடல் 3

பக்கம் என்றாலும் அதே பிழைதானே? நோய் ‘பிம்பம்’ என்ற வடசொல்லிலேயே தொடங்குகிறது. குறுந்தொகை 8ஆம் பாட்டில் ஆலங்குடி வங்கனார் ‘கையும் காலும் தூக்கத் தூக்கும் ஆடிப் பாவை’ என்று சொல்லையும் இலக்கணத்தையும் சேர்த்தே தந்துவிட்டார். ‘பாவைத் திருப்பம்’ என்க. ஆடி என்பதும் ஆடு என்னும் வினையடிதான். உள்ளே நிழல் ஆடுவதால் ஆடி. கூத்தாடி, ஊசலாடி...

மடல் 4

இன்னும் கொஞ்சம் விட்டால் ஆடிப்பெருக்குக்கும் வந்துவிடுவோம். கண்பாவை (கண்ணுக்குள் ஒளி நுழையும் துளை) என்று ஒளியியலிலேயே ஒன்று இருக்கிறது. அதே பாடத்தில் பாவை இரண்டு பொருளில் வந்தால் பிள்ளைகள் குழம்புவார்கள். யாராவது ‘படிமம்’ என்று எழுதும் முன் சொல்லிவிடுகிறேன், அதுவும் பிரதிமாவின் வழி வந்ததே. திரையில் பிடிக்க முடியாத ‘மாய பிம்ப’த்தை ‘மெய்நிகர் பிம்பம்’ ஆக்கினாலோ தலையில் மாட்டும் கருவிதான் நினைவுக்கு வரும்.

சொல் கிடக்கட்டும். குண்டூசி நட்டுப் பிம்பத்தின் தூரத்தை அளக்கும் சோதனைக்கு, ஆடியின் முன்முகத்தை வரைந்த கோட்டில் வைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். 3 மி.மீ. கண்ணாடிக்கு வெள்ளிப்பூச்சு முதுகில் இருக்கிறது. கண்ணாடி ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைக் காட்டும் விலகல் எண் 1.5 என்றால், ஒளி திரும்பும் தளம் முன்முகத்திலிருந்து 2 மி.மீ. உள்ளே இருப்பதுபோல் நடந்துகொள்ளும். கோட்டிலிருந்து 10 செ.மீ.யில் குண்டூசி நட்டால் பிம்பம் 10.4 செ.மீ.யில் விழும், ‘சமதூரம்’ பொய்த்துவிட்டது என்று மாணவர் எண்ணைத் திருத்தி எழுதுவார். முதுகைக் கோட்டில் வைத்தால் 2 மி.மீ. குறையும். முன்முகம் கோட்டுக்கு 2 மி.மீ. முன்னால் நிற்கட்டும். ஊசியின் பிம்பத்துக்குச் சற்று முன்னே மங்கலாக இன்னொரு பிம்பமும் தெரியும். அது முன்முகம் திருப்பும் ஏறக்குறைய 4 விழுக்காட்டு ஒளி. அதை நம்பி அளக்கக்கூடாது என்று ஒரு வரி சேருங்கள்.

மடல் 5

பூமிதான் சுழல்கிறது என்று தெரிந்தும் ‘ஞாயிறு எழுந்தது’ என்கிறோம். கலைச்சொல் என்பது பெயர், விளக்கவுரை அல்ல. பொதுத்தேர்வில் ‘இடவல மாற்றம்’ என்று கேட்டால் ‘பாவைத் திருப்பம்’ படித்த பிள்ளைக்கு மதிப்பெண் யார் போடுவது?

மடல் 6

நன்றி. 2 மி.மீ. திருத்தத்தைச் சேர்த்துவிட்டேன். நேற்றிரவுவரை வந்தவற்றில் பெரும்பாலோர் பழைய சொல்லே போதும் என்கிறார்கள். ‘இடவல மாற்றம்’ இருக்கட்டும். ‘ட’ சோதனை அடியில் வரும்.

மடல் 7

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். உங்கள் தாளின் கடைசிப் படத்தில் இரண்டு ஆடிகள் 90 பாகையில் நிற்கின்றன. அங்கே தெரியும் மூன்று பிம்பங்களில் நடுவில் இருப்பது, கிழக்குக் கையைத் தூக்கினால் மேற்குக் கையைத் தூக்கும். இடவலம் உண்மையிலேயே இடம் மாறுவது அதில்தான். அதன் கீழே ‘இடவல மாற்றமற்ற பிம்பம்’ என்றா அச்சிடப் போகிறீர்கள்?