மறு: தலைக்காயத்தில் வரும் தெளிவு: இடைத்தெளிவா, பொய்த்தெளிவா?

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையைத் தொடங்கியவன் நான். முடித்துவைக்கும் பொறுப்பும் என்னுடையதுதான். விபத்து முதலுதவித் தாள் வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் ஒரு கட்டத்துக்குத் தலைப்பு இன்னும் வைக்கவில்லை.

இடையில் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு ஒருவர் மயங்குகிறார். சில நிமிடத்தில் கண் விழித்து எழுந்து உட்கார்கிறார். பேசுகிறார், நடக்கிறார், சோடா வாங்கிக் குடிக்கிறார். ஒரு மணி நேரமோ ஐந்தாறு மணி நேரமோ கழித்துத் தலைவலி கூடி, வாந்தி எடுத்து, மறுபடி நினைவு தப்புகிறது. இந்த இரண்டு மயக்கத்துக்கும் நடுவே வரும் தெளிவுக்குத்தான் பெயர் தேடுகிறோம். ஆங்கில மருத்துவ நூல்களில் அதன் பெயர் லூசிட் இன்டர்வெல்.

ஏன் இப்படி நடக்கிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். முதல் மயக்கம் மூளை குலுங்கியதால் வருவது. அது தானாக விலகிவிடும். ஆனால் அதே அடியில் கன்னப்பொட்டு எலும்பு விரிசல் விட்டிருந்தால், அதன் உட்புறத்தை ஒட்டி ஓடும் தமனி கிழிந்திருக்கலாம் (இலங்கை அன்பர்கள் நாடி என்று வாசித்துக்கொள்ளவும்). அப்போது எலும்புக்கும் மூளையின் வெளியுறைக்கும் நடுவே ரத்தம் சேரத் தொடங்கும். மண்டையோட்டில் மிக மெலிசான இடங்களில் ஒன்று அது. 'பொட்டில் அறைந்தாற்போல' என்று சொல்லிவைத்தவர்களுக்கு அந்த இடம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. மண்டையோடு மூடிய பெட்டி, விரிந்து கொடுக்காது. ரத்தம் சேரச் சேர, மூளையைச் சுற்றியிருக்கும் நீர் முதுகுத்தண்டுப் பக்கம் ஒதுங்கிக் கொஞ்சம் இடம் தரும், சிரை ரத்தமும் வெளியேறிக் கொஞ்சம் இடம் தரும். அந்த இடம் இருக்கிற வரை ஆள் நன்றாகவே இருப்பார். அது தீர்ந்ததும் அழுத்தம் மளமளவென்று ஏறிவிடும்.

நான் முதலில் 'பொய்த்தெளிவு' என்றேன். இரண்டு வாரம் விடாப்பிடியாகவும் நின்றேன். அதற்குக் காரணம் இருந்தது, இதுவரை இங்கே எழுதியதில்லை.

1998-இல் என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, சந்தைக்குப் போய்விட்டு மொபெட்டில் திரும்பிக்கொண்டிருந்தார். நாய் குறுக்கே ஓடியது. விழுந்தவருக்கு இரண்டு மூன்று நிமிடம் பேச்சு மூச்சில்லை. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள், தெளிந்தது. பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் புருவத்துக்கு மேலே மூன்று தையல் போட்டு, ஊசி போட்டு, வீட்டுக்கு அனுப்பினார்கள். வண்டியை அவரே ஓட்டிக்கொண்டு வந்து, அவரே திண்ணை ஓரமாக நிறுத்தினார். இரண்டு இட்லி சாப்பிட்டார். சாப்பிடும்போது "வண்டி எங்க?" என்று கேட்டார். சொன்னோம். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டார். மூன்றாவது தடவை கேட்டபோது நாங்கள் சிரித்தோம். தலை வலிக்கிறது என்று படுத்தவர் பெரிதாகக் குறட்டை விட ஆரம்பித்தார். "அசந்து தூங்குறான், யாரும் எழுப்பாதீங்க" என்று பெரியம்மா விளக்கை அணைத்தார். விடிகாலை நாலு மணிக்கு எழுப்பிப் பார்த்தோம், எழவில்லை. டார்ச் அடித்தபோது ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாக விரிந்து கிடந்தது. கார் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் அத்தனை பேரிடமும் பெரியம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்தான்."

அந்தத் தெளிவு எங்களை ஏமாற்றியது. அதனால்தான் பெயரிலேயே 'பொய்' இருக்கட்டும் என்று கேட்டேன். பிரசவத்தில் 'பொய்வலி' என்று சொன்னால் எல்லாருக்கும் புரிகிறதே, அந்த வழியில் இதுவும் புரியும் என்று வாதிட்டேன். அதற்குச் செவிலியர் அக்கா எழுதிய பதிலை இங்கே மறுபடியும் ஒட்டுகிறேன். என் மனதை மாற்றியது அதுதான்.

> தம்பி, பொய்வலி என்று தெரிந்தால் நாங்கள் என்ன செய்வோம்? பயப்பட ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்புவோம். நீங்கள் சொல்ல வருவது அதற்கு நேர் எதிர். இன்னொன்று. உங்கள் சொல்லை என் வார்டில் ஒரு நோயாளியின் மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். அந்த அம்மா முகம் சுருங்கி, "அவரு நடிக்கிறாருன்னு சொல்றீங்களா?" என்று கேட்டார்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நம் பேச்சில் 'பொய்' ஆளின் மேல்தான் போய் விழும். பொய் வழக்கு, பொய்ச் சான்றிதழ் என்று கேட்டுப் பழகிய காது நம்முடையது. விபத்து இழப்பீட்டு வழக்கில் ஒரு மருத்துவக் குறிப்பில் 'பொய்த்தெளிவு' என்று இருந்தால் எதிர்த்தரப்பு அதை எப்படி வாசிக்கும் என்று யோசித்தாலே பதறுகிறது. மருத்துவர் ஐயாவின் மறுப்பும் சரியே. அந்த நேரத்தில் அடிபட்டவர் உண்மையாகவே தெளிவாக இருக்கலாம், சொல்வதெல்லாம் சரியாகவும் இருக்கலாம். மயங்கித் தெளிந்தவர்களில் பெரும்பாலோர் அப்படியே நலமாகிவிடுவதும் உண்டு. அத்தனை பேரின் தெளிவையும் பொய் என்று எழுதுவது தப்பு.

'அணையப்போகும் விளக்கு' என்ற வழக்கிலிருந்து 'விளக்குத்தெளிவு' என்று ஒருவர் அழகாக ஆக்கியிருந்தார். சொல் நெஞ்சைத் தொடுகிறது, ஆனால் இந்த இடத்துக்கு ஆபத்தானது. எண்ணெய் தீர்ந்த விளக்கை யாராலும் காப்பாற்ற முடியாது. இங்கே காப்பாற்ற முடியும். நேரத்தோடு சி.டி. ஸ்கேன் எடுத்து, மண்டையோட்டைத் திறந்து அந்த ரத்தக்கட்டை எடுத்துவிட்டால் பழையபடி எழுந்து நடப்பவர்கள் நிறையப் பேர். தலைக்காயங்களில் இவ்வளவு நம்பிக்கை தரும் அறுவை சிகிச்சை குறைவு. அதற்கு 'முடிந்தது' என்ற சாயலுள்ள பெயரை வைக்க மனம் ஒப்பவில்லை.

வழக்கறிஞர் நண்பர் கேட்டது நல்ல கேள்வி. இதே ஆங்கிலச் சொல் சட்டத்திலும் இருக்கிறது. மனநிலை பிறழ்ந்தவர் இடையில் தெளிவாக இருக்கும் நேரத்தில் உயில் எழுதினால் செல்லும் என்று 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம் சொல்கிறது. இரண்டு துறைக்கும் ஒரே தமிழ்ச் சொல் வேண்டாமா என்கிறார். வேண்டாம் என்பது என் கருத்து. சட்டம் அந்தத் தெளிவை நம்பச் சொல்கிறது, மருத்துவம் நம்பாதே என்கிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகிப் போனது அவர்கள் வழக்கு. நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நீதிமன்றத்தில் 'தெளிந்த இடைவேளை' இருக்கட்டும்.

மட்டக்களப்பு நண்பர் தந்த 'தெளிவிடை' எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் எங்கள் ஊர் ஆட்டோ நிறுத்தத்தில் வாசித்துக் காட்டியபோது மூன்று பேர் 'தெளிவான விடை' என்று புரிந்துகொண்டார்கள். சேர்த்து எழுதினால் விடை முந்திக்கொண்டு வந்து நிற்கிறது.

ஆகவே, 'இடைத்தெளிவு'. இடைத்தேர்தல் போல ஒற்று மிகும்.

இந்தச் சொல்லை முதலில் நான் சப்பென்று இருப்பதாக நினைத்தேன். எச்சரிக்கை எங்கே என்று கேட்டேன். இப்போது அந்த 'இடை'யிலேயே எச்சரிக்கை இருப்பது தெரிகிறது. இடைவேளை என்று திரையில் போட்டால் படம் முடிந்தது என்று யாரும் வீட்டுக்குக் கிளம்புவதில்லை. இடைக்கால ஜாமீனை யாரும் விடுதலை என்று நினைப்பதில்லை. 'இடை' என்றதும் பின்னால் இன்னொன்று வரும் என்று தமிழ் தெரிந்த எவருக்கும் தோன்றிவிடும். இந்த விளக்கத்தோடு அதே ஆட்டோ நிறுத்தத்தில் சொன்னேன். ஒரு பெரியவர், "அப்ப அது பாதித் தெளிவு, இன்னும் பாக்கி இருக்கு" என்றார். எனக்கு அது போதும்.

ஒரு கட்டுப்பாட்டை மட்டும் எல்லாரும் ஏற்க வேண்டும். 'இடைத்தெளிவு' பின்னால் திரும்பிப் பார்த்துச் சொல்லும் சொல். மறுபடி மயங்கிய பிறகுதான் முன்பு வந்தது இடைத்தெளிவு என்று உறுதியாகும். மயங்கி எழுந்த எவரையும் பார்த்து 'இவருக்கு இடைத்தெளிவு' என்று தாளில் எழுதக் கூடாது. 'இது இடைத்தெளிவாக இருக்கலாம்' என்றே எழுத வேண்டும். தவிர, உள்ளே ரத்தம் கசிகிற எல்லாருக்கும் இந்தத் தெளிவு வருவதும் இல்லை. முதலிலிருந்தே மயக்கத்தில் இருப்பவர்கள் உண்டு, முதலில் மயங்காமலே பிறகு மோசமாகிறவர்களும் உண்டு.

'பேசுகிறார்' என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடிபட்டவரின் நினைவுநிலையை அளக்க 1974-இல் வந்தது கிளாஸ்கோ அளவுகோல். இப்போது வழக்கில் உள்ளபடி அதில் கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, ஆக மொத்தம் 15. தான் யார், எங்கே இருக்கிறோம், இது என்ன மாதம் என்று சரியாகச் சொன்னால்தான் பேச்சுக்கு முழு 5. சொற்றொடர் சொற்றொடராகப் பேசியும் குழம்பினால் 4. அண்ணன் வண்டி எங்கே என்று மூன்று முறை கேட்டது அந்த நாலுதான், எங்களுக்குத் தெரியவில்லை. ஆகவே 'நன்றாகப் பேசுகிறாரா' என்ற வரியை எடுத்துவிட்டு, 'கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறாரா' என்று மாற்றியிருக்கிறேன்.

படித்தவர்கள், வசதியானவர்களுக்கு இந்த மாதிரி ஆகுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆங்கில நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச்சில் கனடாவின் கியூபெக்கில் பனிச்சறுக்கு பழகும்போது விழுந்தார். எழுந்து சிரித்துப் பேசி, மருத்துவ உதவி வேண்டாம் என்றார். சுமார் ஒரு மணி நேரத்தில் தலைவலி. இரண்டு நாளில் இறந்துவிட்டார். இதே வகை ரத்தக்கசிவுதான்.

வயதானவர்களுக்கு, அதிலும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, சிரையிலிருந்து மெதுவாகக் கசிந்து வாரக்கணக்கில் கழித்துத் தெரிவது வேறு கதை. அதற்குத் தனி வரி போட்டிருக்கிறேன், இந்தச் சொல்லை அங்கே இழுக்க வேண்டாம்.

இனி தாளுக்கு வேண்டிய இரண்டாவது சொல், மயங்கியவரைப் பக்கவாட்டில் திருப்பும் முறைக்கு. நினைவு தப்பியவர் மல்லாந்து கிடந்து வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும், பக்கவாட்டில் திருப்பியாக வேண்டும். ஆனால் தலையில் பலமாக அடிபட்டு மயங்கியவருக்குக் கழுத்தெலும்பும் முறிந்திருக்கலாம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். தலை ஒரு பக்கம் உடம்பு ஒரு பக்கம் திரும்பினால் தண்டுவடம் நசுங்கலாம். அதனால் தலை, கழுத்து, உடம்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கத் திருப்புகிறார்கள். ஒருவர் தலையைப் பிடித்துக் குரல் கொடுக்க, மற்றவர்கள் தோள், இடுப்பு, முழங்கால் என்று பிடித்துக்கொள்வார்கள். ஆங்கிலத்தில் இதை மரக்கட்டை உருட்டுவதோடு ஒப்பிட்டுப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதை அப்படியே எடுத்து 'கட்டை உருட்டல்' என்று ஒரு தம்பி எழுதியிருந்தார்.

தம்பி, கோபித்துக்கொள்ள வேண்டாம். நம் ஊரில் 'இந்தக் கட்டை வேகிற வரைக்கும்' என்று பேசுவார்கள். அடிபட்டுக் கிடப்பவரின் அம்மா பக்கத்தில் நிற்கும்போது "கட்டையை உருட்டுங்க" என்று ஒருவர் குரல் கொடுத்தால் என்ன ஆகும்? 'புரட்டல்' என்பதிலும் முரட்டுத்தனம் இருக்கிறது. 'ஒருசேரத் திருப்பல்' என்று வைக்கலாம். இதில் எனக்குப் பிடித்தது, இதையே அப்படியே கட்டளையாகச் சொல்லலாம்: "ஒண்ணு, ரெண்டு, மூணு, ஒருசேரத் திருப்புங்க!" சாலையில் கத்திச் சொல்ல முடியாத சொல் இந்தத் தாளில் இருந்து பயனில்லை. ஆள் போதாதபோது மூச்சு அடைத்தால் என்ன செய்வது என்று கேட்டவருக்கு: மூச்சுதான் முதலில். இருக்கிற கைகளை வைத்துக் கழுத்து முறுக்கிக்கொள்ளாதபடி திருப்பத்தான் வேண்டும்.

கட்டத்தின் வாசகம் இப்போது இப்படி இருக்கிறது:

"தலையில் அடிபட்டு ஒரு நிமிடம் மயங்கி எழுந்தாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். இது இடைத்தெளிவாக இருக்கலாம். வண்டி ஓட்ட விடாதீர்கள். தனியாக விடாதீர்கள். தலைவலி கூடினால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், பேச்சு குழறினால், ஒரு கை கால் தளர்ந்தால், வலிப்பு வந்தால், மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல் வடிந்தால் உடனே 108. மருத்துவர் பார்த்து வீட்டுக்கு அனுப்பியிருந்தாலும் இதுவே. குறட்டை விட்டுத் தூங்கினால் அசந்து தூங்குகிறார் என்று விட்டுவிடாதீர்கள். எழுப்பிப் பெயரைக் கேளுங்கள். எழவில்லை என்றால் காத்திருக்காதீர்கள்."

மருத்துவர் ஐயா 'எழுப்பி' என்ற இடத்தில் 'உணர்வுநிலையைச் சோதித்து' என்று திருத்தியிருந்தார். ஐயா, மற்ற திருத்தங்கள் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டேன். இந்த ஒன்றை மட்டும் பழையபடி விட அனுமதி கேட்கிறேன். மறுப்பு இருப்பவர்கள் புதன் இரவுக்குள் எழுதுங்கள். மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் நண்பர்கள் 'குறட்டை விட்டு' என்பது உங்கள் பக்கமும் அப்படியே புரியுமா என்று ஒரு வரி போட்டால் போதும்.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்